நீ பிந்தி வரவில்லை, அம்மா

என் தங்க அம்மாவுக்கு,

இறால் கம்பெனிக் கடிகாரத்தின் கண்ணாடியில் எப்போதும் உப்புப் படிந்திருக்கும். கடற்காற்று அப்படி. ஒரு நாள் காலையில் பார்த்தேன், அந்தக் கண்ணாடிக் கதவின் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு உப்பு இல்லை. யாரோ திறந்திருக்கிறார்கள்.

இரண்டு நாளில் அந்த இடத்திலும் உப்புப் பூத்துவிட்டது. அப்புறம் மறுபடி விரல் தடம். தடம் தெரிந்த நாளெல்லாம் எங்கள் கூடைகளில் இறால் குறைவாக இருந்தது.

ஆமாம், எங்கள் கூடைகள்தான். நீ போன பிறகு உன் இடத்தில் உட்கார்ந்து நான்தான் உரிக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். திட்டாதே. ஏன் விட்டேன் என்று கேள்.

அன்றைக்கு நீ எனக்கு ரெட்டைச் சடை பின்னி முடித்தபோது, அப்பா தோணியில் கொண்டுவந்த டிரான்சிஸ்டரில் கொழும்பு ரேடியோ ஸ்டேஷன்காரர் நேரம் ஆறு முப்பத்தைந்து என்றார். கம்பெனிக்குப் பதினைந்து நிமிட நடை. ஏழு மணிக்குத்தான் கேட்டை மூடுவார்கள். நீ சிரித்துக்கொண்டேதான் போனாய்.

துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி பாதையை மறித்து நின்றதாம். வண்டி விலகட்டும் என்று நீயும் நின்றாயாம். அப்போது கம்பெனி மணி அடித்தது. கேட்டை மூட இன்னும் ஐந்து நிமிடம் என்று வாட்ச்மேன் அடிக்கிற மணி. மூடிவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. நீ கூட்ஸ் பெட்டிக்கு அடியில் குனிந்தாய். வண்டி நகர்ந்துவிட்டது.

உன்னை வீட்டில் கிடத்தியிருந்தபோது சூப்பர்வைசர் மாலையோடு வந்தார். "அஞ்சு நிமிசம் முன்னாடி கெளம்பியிருந்தா இப்படி ஆகுமா?" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். உடனே ஒரு பெண், "மவளுக்குச் சடை பின்னிக்கிட்டு நின்னாளாம். அதான் பிந்திட்டு" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவிழ்க்காத சடையோடு.

அன்றிலிருந்து நான் சடை போடவில்லை. என் தலைமுடிதான் உன்னைக் கொன்றது என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத்தான் வாய் கிடையாதே.

விரல் தடத்தைப் பற்றிப் பக்கத்தில் உரிக்கும் ஃபுளோரா அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இது தெரியாதாளா ஒனக்கு? போட்டுல வார றால் கொறஞ்சா ஆளும் கொறையணும்லா. வேலை இல்லன்னு சொன்னா நாம சண்டைக்கு நிப்போம். அதான் சூப்பர்வைசரு கடியார முள்ளப் பத்து நிமிசம் முன்னால தள்ளி வைக்கான். பிந்திட்டன்னு சொன்னா நம்ம வாய் அடைஞ்சிரும்."

"எல்லாருக்கும் தெரியுமாக்கா?"

"தெரியாம என்ன."

"எங்க அம்மா செத்த அன்னைக்கு?"

"அன்னைக்கும் றால் இல்லளா" என்று சொல்லிவிட்டு அக்கா குனிந்து உரிக்கத் தொடங்கினாள்.

அம்மா, உனக்கும் தெரியுமா? தெரிந்துமா குனிந்தாய்? ஆறே முக்காலுக்கு அடித்த மணி அது. உனக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. முள்ளைத் தள்ளிய அந்தக் கையாலேயே அந்த ஆள் உனக்கு மாலை போட்டான். 'அவர்' என்று இனி என்னால் எழுத முடியாது. தெரிந்த இவர்களெல்லாம் ஒரு வருடம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து உரித்தார்களே, அதை எங்கே வைப்பது?

இன்று காலையில் கண்ணாடியில் தடம் இருந்தது. கூடைகளில் இறால் குறைவு. சோற்றுப் பையில் டிரான்சிஸ்டரைக் கொண்டுபோயிருந்தேன். வாட்ச்மேன் மணி அடித்து, கேட்டை மூடிவிட்டார். நான் முன்னமே உள்ளே வந்திருந்தேன். வெளியே ஏழு பெண்கள் நின்றார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் ரேடியோவைத் திருகி முழுச் சத்தத்தில் வைத்தேன். பாட்டு முடிந்ததும் கொழும்புக்காரர் சொன்னார், நேரம் ஆறு ஐம்பத்தொன்று என்று. கேட்டுக்கு வெளியேயும் கேட்டது.

சூப்பர்வைசர் வந்தான். "ஏளா, ஒனக்குச் சம்பளம் யாரு குடுக்கா, கொழும்புக்காரனா? அப்பம் தோணி ஏறி அங்க போயி றால் உரி."

ஒருத்தி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"தொறங்க அண்ணாச்சி" என்று வெளியே இருந்தவர்கள் வாட்ச்மேனைக் கேட்டார்கள். "நா என்னத்த செய்ய? கடியாரம் ஏழு காட்டுனா மூடணும். காட்டலன்னா தொறக்கணும். எனக்குச் சொன்னது அம்புட்டுதான்" என்றார் அவர்.

நான் ஐஸ் பெட்டியின் மேல் ஏறினேன். கண்ணாடிக் கதவைத் திறந்தேன். ரேடியோ ஆறு ஐம்பத்துமூன்று என்றது. முள்ளைப் பிடித்துப் பின்னால் இழுத்து ஐம்பத்துமூன்றில் வைத்தேன்.

"எறங்குளா கீழ" என்று அவன் கத்தினான். வாட்ச்மேன் அண்ணாச்சி அவனைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்தார். ஏழு பேரும் உள்ளே வந்தார்கள். ஃபுளோரா அக்கா தன் கூடையிலிருந்து பாதி இறாலை அள்ளி அவர்கள் முன்னால் கொட்டினாள்.

நாளையிலிருந்து என்னை வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறான். நான் போவேன். உள்ளே விடாவிட்டால் கேட்டுக்கு வெளியே ரேடியோவை வைத்துக்கொண்டு நிற்பேன். தண்டவாளத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி வைப்பேன். இது உனக்குச் சத்தியம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் எழுந்துபோய், அன்றைக்கு நீ என் சடையில் கட்டிவிட்ட இரண்டு ரிப்பன்களையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.

நீ தலை பின்னிவிட்ட மகள்,
ரோஸ்லின்