ஜெமீல் நானாவுக்கு ஒரு வரி

சம்பூர்,
6-2-1977.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. நாங்கள் எல்லோரும் சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை அதில் முதல் பாதியை எழுதக் கை வரவில்லை. மற்றப் பாதி உண்மைதான். குவைத்தில் இரவில் எலும்புக்குள் குளிருகிறது என்று எழுதியிருந்தீர்கள். நெஞ்சில் சளி கட்டவிடாதீர்கள். கொத்தமல்லி அங்கே கிடைக்குமென்றால் அவித்துக் குடியுங்கள்.

மகள் இரண்டாம் வகுப்புக்கு ஏறிவிட்டாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். மார்கழி வெள்ளத்தில் வெங்காயப் பாத்தி முழுவதும் அழுகிப்போனது. கடற்கரைப் பக்க வேலியும் சாய்ந்துவிட்டது. வேலி கட்ட ஆள் சொல்லியிருக்கிறேன், இன்றைக்கு நாளைக்கு என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அம்மாவைப் பாம்பு கடித்தது காலையில், மூதூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தது பின்னேரம், அவ்வளவு நேரமும் அங்கே என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டிருந்தீர்கள். வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்று சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. எனக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று மாமி கட்டிலில் கிடந்தபடி பயந்து கூப்பிட்டா. உங்கள் கேள்விக்குப் பதில் இந்தக் கடிதம் முழுவதும் இருக்கிறது. அறையில் ஆட்கள் இல்லாத நேரம் இருந்து வாசியுங்கள்.

முதலில் மாமி. பயமில்லை என்று யோகலிங்கம் அண்ணன் தந்தி அடித்தார். உயிருக்குப் பயமில்லை என்பதுதான் அதன் கருத்து. மாமியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூதூரிலிருந்து லோஞ்சில் கடல் கடந்து திருகோணமலைக்குக் கொண்டு போய், அங்கேதான் எடுத்தார்கள். வெள்ளெனக் கொண்டு வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். பிள்ளை தனிய இருக்கிறான், கலங்கிப் போவான், எழுதாதே என்று மாமி என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினா. முந்தநாள்தான், இனி எழுது தங்கம், அவனும் தெரியத்தானே வேணும் என்றா. புண் ஆறிக்கொண்டு வருகிறது. இல்லாத காலில் பெருவிரல் அரித்துக் கடிக்கிறது என்று சொல்லிச் சில நேரம் அழுகிறா.

இப்போது வண்டிக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களுக்கே எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு மறந்துபோயிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

வெள்ளைக்காரக் கடற்படை கழித்துவிட்டுப் போன லான்ட் றோவர் பிக்கப் அது. திருகோணமலை லிங்கநகரில் ஒரு விறகுக் கடைக்குப் பின்னால், பொனெற்றுக்குள்ளால் ஆமணக்கு முளைத்துக் கிடந்தது. துறைமுக வேலைத்தளத்தில் முன்பு உங்களோடு வேலை செய்த ஜெமீல் நானாதான் அதைக் கண்டுபிடித்து வந்து சொன்னவர். நீங்கள் இரண்டு பேரும் அதை ஆற்றுக்கு ஆறு பாதை மிதவையில் ஏற்றி இறக்கி, மாடு கட்டி இழுத்துச் சம்பூருக்குக் கொண்டு வந்தபோது ஊரே கூடி நின்று சிரித்தது. கியர்ப் பெட்டிக்கு மேல் எலி குட்டி போட்டிருந்தது. மேல் தகடு அலுமினியம் என்பதால் தப்பிவிட்டது, அடிச்சட்டம் உப்புக் காற்றில் பொரிந்து கையோடு வந்தது. ஜெமீல் நானா உடைந்த வள்ளத்து இரும்பை வெட்டி ஒட்டுப் போட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூதூரிலிருந்து சைக்கிளில் வந்து, உங்களோடு வண்டிக்குக் கீழே கிடந்தார். பின்பெட்டிக்குப் பாலைப் பலகை அடித்தீர்கள். படங்குத் துணியில் ஆசனத்துக்கு உறை தைத்தது நான். வால்வுக்கு மணல் போட்டுத் தேய்த்ததும் நான்தான், விரல் நகம் மாதக் கணக்கில் கறுப்பாகவே இருந்தது. கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் பெயின்றை அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, நீங்கள் என் தோளில் கை போட்டீர்கள். மாமிக்கு முன்னால் போட்டீர்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஓட்டப் பழக்கியது யார்? நான் கேட்டேனா? நீங்களேதான் கூனித்தீவுக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் என்னை அந்தப் பக்கம் ஏறச் சொன்னீர்கள். மணலில் இறங்க முதல் சில்லுக்குக் காற்றைக் குறைக்க வேண்டும், சிவப்புக் குமிழை இழுத்தால் நாலு சில்லும் மெல்லப் பிடித்து இழுக்கும், தண்ணீருக்குள் போனால் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது என்று எல்லாம் சொல்லித் தந்தீர்கள். போன வருஷம் தை மாதம் கட்டைபறிச்சானில் றோட்டுக்கு மேலால் வெள்ளம் ஓடியபோது, பிள்ளைப்பேற்றுக்குத் துடித்த மீன் வியாபாரி றஊப்பின் பெண்சாதியை மூதூருக்குக் கொண்டு போனது நான். நீங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தீர்கள். அன்றைக்கு இருந்த உங்கள் முகம் எனக்கு நல்ல ஞாபகம்.

பிறகு நீங்கள் வெளிக்கிட்ட நாள். எங்கள் வண்டியிலேயே துறைக்குப் போவோம், நானே ஓட்டுகிறேன் என்றேன். பெட்டிகள் இருக்கின்றன, யோகலிங்கத்தின் ட்ராக்டரில் போவோம் என்றீர்கள். மூதூர்த் துறையில் லோஞ்ச் ஏற முதல், அத்தனை சனத்துக்கு முன்னால், வண்டிச் சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டீர்கள். இனி நீதான் எல்லாவற்றுக்கும் என்றீர்கள். நான் அழுதேன். அதை நினைக்கத்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

அடுத்த கிழமை வண்டியை எடுக்கப் போனேன். சுற்றுகிறது, பற்றவில்லை. நீங்கள் சொல்லித் தந்தபடி பெற்றோல் வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. டிஸ்றிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நடுவில் இருக்கிற அந்தச் சின்னக் கறுப்பு றோட்டரைக் காணவில்லை. அது இல்லாவிட்டால் ஒரு பிளக்குக்கும் பொறி போகாது என்பதும் நீங்கள் சொல்லித் தந்ததுதான். நீங்கள் போக இரண்டு நாளுக்கு முதல் அதே மூடியைத் திறந்து பொயின்ற் துடைக்க வந்தவர் ஜெமீல் நானா. கப்பலில் சாமான் இறக்குகிறார்கள் இல்லை, ஒரு பிளக் வாங்கவே கொழும்புக்கு எழுத வேண்டிய காலம். எனக்கு வேறு யாரை நினைக்கத் தோன்றும்? ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வந்து மூடியைத் திறந்து பார்த்தார். மூடியை மெதுவாகத் திரும்பப் பொருத்தினார். நான் எடுக்கல்ல தங்கச்சி, ஞானத்துக்கு எழுதிக் கேளுங்க என்று உங்கள் பெயரைச் சொன்னார். மழுப்புகிறார் என்று நினைத்தேன்.

எழுதிக் கேட்டேன். நீங்கள் என்ன எழுதினீர்கள்? இந்தக் காலத்தில் எவனை நம்புவது, சாமான் இல்லாத நேரம் கை நீண்டிருக்கும், அதை விடு, நான் வந்து பார்க்கிறேன். இதுதான் நீங்கள் எழுதியது. அந்தக் கடிதத்தை நான் கூட்டுறவுச் சங்கத் தலைவர் யோகலிங்கம் அண்ணனிடம் காட்டினேன். அதுவரை திருத்திவந்த சங்கத்து லொறியை இனிப் பார்க்க வேண்டாம் என்று ஜெமீல் நானாவை நிறுத்தினார்கள். சம்பூரான் வீட்டில் களவெடுத்தவன் என்று மூதூரில் மற்றவர்களும் வேலை கொடுக்கவில்லை. இப்போது அவர் கந்தளாயில் கரும்பு வெட்டுகிறார். கிழமைக்கு ஒருக்கால்தான் வீட்டுக்கு வருகிறார்.

மாமியைப் புடையன் கடித்த அன்று நடந்ததைக் கேளுங்கள். கிணற்றடியில் பன்னாடை பொறுக்கப் போனா. நான் சத்தம் கேட்டு ஓடிப் போய்த் துணியால் காலைக் கட்டினேன். பஸ் இல்லை, அந்த மார்கழி வெள்ளம். யோகலிங்கம் அண்ணனின் ட்ராக்டர் வெளியூருக்குப் போயிருந்தது. சங்கத்து லொறி, ஜெமீல் நானாவை நிறுத்திய பிறகு படுத்தது படுத்ததுதான். எங்கள் வண்டி கொட்டிலுக்குள் நின்றது. சார்ஜ் போட்டு வைத்த பற்றறி, நல்ல சில்லு, தாங்கியில் பெற்றோல், என் இடுப்பில் சாவி. மாமியை மாட்டுவண்டியில் ஏற்றினோம். கட்டைபறிச்சானில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. மாடு இடுப்பளவு தண்ணீரில் நின்று அசைய மாட்டேன் என்றது. நானும் வண்டிக்காரனும் தோள் கொடுத்துத் தள்ளினோம். அந்த ஜெமீல் மட்டும் இப்போது என் கையில் கிடைத்தால் என்று நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு தள்ளினேன்.

அப்போதுதான் மாமி என்னைக் கூப்பிட்டா. வாயெல்லாம் காய்ந்து போயிருந்தது. அவனைத் திட்டாதே பிள்ளை, அவன் எடுக்கேல்லை, உன்ரை மனிசன்தான் கழட்டிச் சவர்க்காரப் பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டு போனவன், நான் கண்டனான், ஒருத்தருக்கும் சொல்லாதையெண்டு என்ரை தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினவன் என்றா. செத்துப் போவேன் என்று நினைத்துத்தான் சொன்னா. பிழைத்துக்கொண்டா.

நான் தள்ளுவதை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் நின்றேன். வண்டிக்காரன்தான் சத்தம் போட்டு என்னைத் தள்ள வைத்தான்.

ஏன் என்று மாமியை ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டேன். கள்ளுக் கொட்டிலில் யாரோ உங்களிடம், பெண்சாதி வண்டியை மட்டுமா ஓட்டுறா, உன்னையும் சேர்த்தா என்று கேட்டானாம். நீங்கள் போனபின் நான் வண்டியில் எங்கெங்கே போவேனோ, யாரை ஏற்றுவேனோ என்று சொன்னானாம். அத்தான், அவன் யார் என்று நான் கேட்கவில்லை. குடித்துவிட்டுக் கதைக்கிறவன் கதைப்பான். ஓட்டாதே என்று எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கோபப்பட்டிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், பிறகு ஓட்டாமல் இருந்திருப்பேன். சாவியைக் கையில் தந்துவிட்டு உயிரைக் கழற்றிக்கொண்டு போவதற்கு நான் உங்களுக்கு என்ன செய்தேன்? பத்து மாதமாக நான் எழுதின கடிதம் ஒவ்வொன்றையும் நீங்கள் அந்தத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதானே வாசித்தீர்கள்? என்னை நம்பாததைக்கூட ஒரு நாள் மறக்கப் பார்ப்பேன். உங்களோடு வண்டிக்குக் கீழே கிடந்த மனிசனைக் களவன் என்று எழுத உங்கள் கை எப்படி வந்தது?

மாமியை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு, ஜெமீல் நானா வீட்டுக்கு வருகிற நாள் பார்த்து மூதூருக்குப் போனேன். ஜெமீல் நானாவின் பெண்சாதி றம்லா கதிரை போடவில்லை. போட்டிருந்தாலும் நான் இருந்திருக்க மாட்டேன். முற்றத்தில் நின்று ஜெமீல் நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அன்றைக்கு மூடியைத் திறந்ததுமே உங்கள் வேலை என்று தெரிந்துகொண்டாராம். கடற்படை ட்றைவர்மார் வண்டியை விட்டுப் போகும்போது மற்றவன் எடுக்காமல் இருக்க அப்படித்தான் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார்களாம். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். புருசன் பெண்சாதிக்கிடையில நான் என்னத்தைச் சொல்ல தங்கச்சி, ஞானம் அவனாகவே எழுதுவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தன் என்றார். வந்தது அவரைக் களவனாக்கிய உங்கள் கடிதம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். கந்தளாயில் நொறுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து றோட்டர் எடுத்து, அரத்தால் தேய்த்துப் பொருத்தினார். இரண்டாம் சுற்றில் பற்றியது. தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இப்போது மருந்து கட்ட மாமியை நான்தான் மூதூருக்குக் கொண்டு போகிறேன், பட்டப்பகலில், சந்தைக்குள்ளால். மாமி முன் ஆசனத்தில் என் பக்கத்தில் இருக்கிறா. பார்க்கிறவர்களை அவதான் முறைக்கிறா.

யோகலிங்கம் அண்ணனிடமும் போனேன். ஜெமீல் நானா எடுக்கவில்லை, நான் சொன்னது பிழை என்றேன். அப்படியென்றால் எடுத்தது யார் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கே என்மேல் ஆத்திரம். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, நீங்கள் பொம்பிளையள் இன்றைக்கு ஒன்று சொல்லுவியள் நாளைக்கு ஒன்று சொல்லுவியள், ஞானம் தன் கையால் எழுதட்டும், கூட்டத்தில் வாசித்துவிட்டு ஜெமீலைத் திரும்ப எடுப்போம் என்றார். களவு என்று சொல்ல என் வாய் போதுமாக இருந்தது. களவில்லை என்று சொல்ல அது போதாதாம்.

பங்குனி நடுவில் சங்கக் கூட்டம். அதற்கு முதல் ஜெமீல் நானாவுக்கு உங்கள் கையால் ஒரு வரி வர வேண்டும். வராவிட்டால் நான் அந்தக் கூட்டத்தில் எழும்பி, சவர்க்காரப் பெட்டி வரைக்கும் சொல்லுவேன். வெருட்டுவதற்காக எழுதவில்லை. மாமியும் சாட்சிக்கு வருகிறேன் என்றுதான் சொல்லுறா.

உண்மையை எழுத வெட்கமாக இருந்தால் பொய் எழுதுங்கள். துடைக்கக் கழற்றினேன், அவசரத்தில் சட்டைப்பையில் போட்டு மறந்து கொண்டு வந்துவிட்டேன், ஜெமீல் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதுங்கள். ஊர் நம்பும். ஜெமீல் நானா நம்பினது போல் இருப்பார். நானும் கூட்டத்தில் இருந்து ஓம் என்று தலையாட்டுவேன். உங்களுக்காக அவ்வளவு செய்வேன்.

ஆனால் அந்தப் பொய்யை எனக்கு எழுத வேண்டாம், அத்தான். எனக்கு எழுத உண்மை வரும்வரைக்கும் மகளுக்கும் மாமிக்கும் மட்டும் எழுதுங்கள். நான் அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

பத்திரகாளி அம்மாள் உங்களை நோய் நொடியில்லாமல் வைத்திருக்க வேண்டும்.

தங்கரத்தினம்