வினிகர் அக்கா பெட்டி

வீட்டுக்கு வந்து கைப்பையைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று அடித்தது. வேலை முடிந்த சந்தோஷத்தில் பாட்டில் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருக்கிறேன். சம்பளச் சீட்டு, சீப்பு, பஸ் கார்டு எல்லாம் ஊறிக் கிடக்கின்றன. உன் பையும் இப்படித்தானே நாறும்! நானும் உன்னைக் கேலி செய்தவள்தானே.

கிள்ளான் பழைய இரும்புக் கடையில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். லோரி கொட்டும் குவியலைப் பிரித்துப் போடுவது நம் வேலை. காந்தம் ஒட்டினால் இரும்பு, சிவப்பாக இருந்தால் செம்பு, நகம் பதிந்தால் ஈயம், வெள்ளையாக லேசாக இருந்தால் அலுமினியம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "அதைவிட லேசு ஒண்ணு இருக்குடி, மக்னீசியம். பார்க்க அலுமினியம் மாதிரியே இருக்கும். சுரண்டிட்டு ஒரு சொட்டு வினிகர் விடு, நுரைக்கும். அலுமினியம் சும்மா கிடக்கும்" என்று நீதான் சொன்னாய்.

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரம் அறுக்கும் மெஷினின் உடைந்த கூடு ஒன்றை அலுமினியக் குவியலில் வீசினேன். அதை வெட்டும்போது மக்னீசியத் தூள் பற்றிக்கொண்டது. கண் கூசும் வெள்ளை நெருப்பு. யாரோ தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். "தண்ணி ஊத்தாதீங்க, இன்னும் எரியும்! மணலைக் கொட்டுங்க!" என்று கத்தியபடி நீயே மணல் வாளியோடு பாய்ந்தாய். உன் இடது கை வெந்துபோனது. யார் வீசியது என்று முதலாளி கேட்டார். "கவனிக்கல பாஸ்" என்றாய். நான் வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து மக்னீசியத்துக்குத் தனிப் பெட்டி கேட்டுக்கொண்டே இருந்தாய். பெட்டி வரவில்லை. 'வினிகர் அக்கா' என்று எல்லோரும் பட்டம் வைத்துச் சிரித்ததோடு சரி. நீ வேலையை விட்டுப் போன பிறகு உன் வினிகர் பாட்டிலை நான் எடுத்துக்கொண்டேன்.

இன்று ஒரு லோரி நிறைய பழைய லாப்டாப் கூடுகளும் கார் ஸ்டீயரிங்குகளும் வந்தன.

"எல்லாம் அலுமினியம்தான்லா அக்கா, கட் பண்ணச் சொல்லிட்டேன்" என்றார் புதிய சூப்பர்வைசர்.

ஒன்றைக் கையில் எடுத்தேன். கனமே இல்லை.

"மெஷினை நிறுத்துங்க!"

நான் போட்ட சத்தத்தில் ஃபோர்க்லிஃப்ட்கூட நின்றுவிட்டது. பெயிண்டை அரத்தால் சுரண்டி ஒரு சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. பக்கத்தில் அலுமினியத் துண்டின் மேல் இன்னொரு சொட்டு. அது அப்படியே கிடந்தது. சூப்பர்வைசர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! முதலாளி பாட்டிலை வாங்கித் தானும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்.

அதோடு நான் விடவில்லை. "அன்னைக்கு அதை வீசினது நான்தான் பாஸ். அவ கை வெந்தது என்னால. தனிப் பெட்டி வாங்கித் தாங்க" என்றேன். இத்தனை வருடம் மறைத்து வைத்த சொல், எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

மதியமே மூடி போட்ட இரும்புப் பெட்டி வந்தது. பக்கத்தில் இரண்டு வாளி காய்ந்த மணலும் வைத்தார்கள். பெயர் எழுத என்னிடம் பிரஷைக் கொடுத்தார்கள். மக்னீசியம் என்று எழுதினேன். அதன் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'வினிகர் அக்கா பெட்டி' என்று எழுதினேன்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.