டேப்பின் இன்னொரு முனை

அக்கா,

இன்று காலை பீரோவை நகர்த்திப் பெருக்கினேன். அதன் நான்கு கால்களிலும் ஒரே உயரத்தில் துருக்கோடு ஓடுகிறது. தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. ஏரிக்கரைத் தெருவில் எங்கள் வீட்டுக்குள் வந்த வெள்ளம் அவ்வளவுதான். இதை நீங்கள் பார்த்ததே இல்லை. பீரோ உள்ளே இருந்தது. நீங்கள் வாசலில் நின்று கேட்டு எழுதிக்கொண்டு போனீர்கள்.

ஒன்பதாவதோடு நின்றுவிட்டு, பொத்தேரி டிபன் கடையில் நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கட்டடக்கலையில் மேல்படிப்பு என்றீர்கள். வீடு கட்டப் படிக்கிறீர்கள் என்று நினைத்தேன். "இல்ல, எங்க கட்டக்கூடாதுன்னு படிக்கிறேன்" என்று சிரித்தீர்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்த வழியாகப் போகும், அந்த வழியில் ஊர் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதுதான் உங்கள் ஆராய்ச்சி. அதற்காகப் படித்த தடித்த புத்தகங்களில் சாம்பார் சிந்திவிடாமல் நான் மேசையைத் துடைப்பேன். அதனால்தானோ என்னவோ, அளக்கப் போகும்போது என்னைத் துணைக்குக் கூப்பிட்டீர்கள்.

டேப்பின் பூஜ்ய முனையை நான் தரையில் அழுத்திப் பிடிப்பேன். மேலே, வீட்டுக்காரர்கள் கைவைத்துக் காட்டும் இடத்தில், எண்ணை நீங்கள் படிப்பீர்கள்.

யாராவது தாளும் பேனாவுமாக வந்தால் எங்கள் தெருவில் தண்ணீர் உயர்ந்துவிடும், அக்கா. வருகிறவர் நிவாரணத்துக்கு எழுதுகிறவர் என்பதுதான் எங்கள் பழக்கம். காலேஜிலிருந்து வருகிறேன் என்று நீங்கள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஆட்டோ ஓட்டும் கன்னியப்பன் மாமா சுவரில் இடுப்பு உயரத்தில் கையை வைத்து, "இதோ, இது வரிக்கும் வந்துச்சும்மா, சாமான்லாம் பூடுச்சு" என்றார். நீங்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "கணுக்கால்னு சொன்னா இன்னா குடுப்பான்? ஒரு போர்வ. இடுப்புன்னா அரிசியும் வரும். நீ வாயத் தொறக்காத, இன்னா?"

நான் எப்போது வாயைத் திறந்திருக்கிறேன்?

மறுநாள் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த லேஅவுட்டுக்குப் போனோம். கேட்டுக்குள் நின்றபடியே ஒரு ரிடையர்டு சார் சொன்னார்: "எங்க ஏரியால ஒரு சொட்டுத் தண்ணி நிக்காதும்மா. பிளாட் பாக்கறீங்களா?" அவர் வீட்டு மதில் சுவரில் இடுப்புக்குக் கீழே மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தது. அந்த மழையில் அவரை லாரி டியூபில் உட்காரவைத்து மெயின் ரோடு வரை இழுத்துப் போனவர் என் அப்பா. அந்த சாருக்கு என் முகம் தெரியவில்லை. நீங்கள் அந்த வீட்டுக்கு எதிரே சைபர் போட்டீர்கள்.

ஜூரி அன்று, உங்கள் ஆராய்ச்சியைப் பார்த்து மார்க் போட வெளியிலிருந்து சார்கள் வரும் நாளில், என்னையும் காலேஜுக்குக் கூட்டிப்போனீர்கள். சுவர் முழுக்கப் பெரிய ஷீட்டுகள். எங்கள் தெரு ஆழ வெள்ளத்தின் கருநீலம். லேஅவுட் வெள்ளை. "நல்ல வேலை. இதுல மக்களோட குரல் இருக்கு" என்று ஒரு சார் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். உங்கள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். அந்தப் படம் பொய் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள்.

அந்தப் படம் யார் யார் கையிலோ மாறி அரசாங்க ஆபீசுக்குப் போயிருக்கிறது. சில மாதம் கழித்து இடிக்க வேண்டிய வீடுகள் என்று எங்கள் கதவுகளில் சிவப்பு பெயிண்டில் எண் எழுத ஆள் வந்தார். அவர் போனில் உங்கள் கருநீலம். "காலேஜ்லயே சொல்லிட்டாங்கம்மா, இங்க மனுஷன் இருக்கக்கூடாதுன்னு." கன்னியப்பன் மாமா அவரிடம், "கணுக்கால்தான் சார் வந்துச்சு, சத்தியமா" என்று கெஞ்சினார். அவர் சிரித்தார்.

விஷயம் தெரிந்து நீங்கள் கடைக்கு ஓடிவந்தீர்கள். கணுக்கால்தான் வந்தது என்று அன்றுதான் சொன்னேன்.

"ஏன்டி அப்பவே சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லக்கா."

உங்கள் முன்னால் இட்லி ஆறிப்போனது. டேப்பைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தீர்கள். "ஞாயித்துக்கிழமை வர்றேன். எல்லாத்தையும் மறுபடி அளக்கலாம். நீ சொல்லு, நான் எழுதறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தெருமுனையில் டேப்போடு உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை பொங்கல் சாப்பிட வந்த ஹாஸ்டல் பெண்கள் பேசிக்கொண்டதிலிருந்துதான் தெரிந்தது. உங்களுக்கு டெங்குவாம். சனிக்கிழமையே முடிந்துவிட்டதாம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம், அக்கா. அத்தனை புத்தகம் படித்தீர்கள். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டீர்கள். பக்கத்தில் குனிந்து டேப் பிடித்துக்கொண்டிருந்தவளும் அதே தெருதான் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. சண்டை போடலாம் என்றால் நீங்களும் இல்லை. என் மேல் உள்ள கோபத்தை யாரிடம் கொண்டுபோவது?

எங்கள் தெரு இருந்த இடத்தில் இப்போது லேஅவுட்காரர்கள் நடைப்பயிற்சி போகிறார்கள். எங்களுக்கு மாமல்லபுரம் போகிற வழியில், கால்வாயை ஒட்டி, தரைத்தளத்தில் ஒரு வீடு கொடுத்தார்கள். போன மழையில் இங்கும் தண்ணீர் வந்தது; பீரோவை மட்டும் முன்கூட்டியே மாடிப்படியில் ஏற்றிவிட்டோம். அடுத்த வாரம் இரண்டு காலேஜ் பெண்கள் போனில் குறித்துக்கொண்டே வந்தார்கள்.

"இடுப்பு வரிக்கும்மா!" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"முட்டிக்குக் கீழ" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"இத்தினி வருசம் வாயில கொழுக்கட்ட. இன்னிக்கு இன்னாடி பேச்சு உனுக்கு?"

நான் டேப்பை எடுத்து வந்தேன். பூஜ்யத்தைக் கால் பெருவிரலால் தரையோடு அழுத்திக்கொண்டு, சுவரில் இருந்த கறை வரை இழுத்து எண்ணைப் படித்தேன். முப்பத்தெட்டு சென்டிமீட்டர். அந்தப் பெண்கள் குறித்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டில் இடுப்பு என்றார்கள். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. டேப் என்னிடம்தான் இருக்கிறது, அக்கா. இரண்டு முனையையும் நானே பிடித்துக்கொள்கிறேன்.