மான் கறியில் வெள்ளைப் புள்ளிகள்

பீனிக்ஸ், நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? யூட்டாவில் பனி விழுந்துவிட்டதா? நான் நலம்தான், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய மான் உப்புக்கண்டம் கிடைத்தது. அதனால் இங்கே பறவை மருத்துவமனையில் ஒரு வேடிக்கை. ஈய நஞ்சேறிய கழுகு ஒன்றுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தோம். "உங்கப்பா அனுப்பின கறியையும் படம் புடிப்போமா?" என்றான் கூட வேலை பார்க்கும் டெவின்.

"தாராளமா. எங்கப்பாவுக்குக் குறி தப்பாது. கழுத்துல ஒரே குண்டு!" என்று பீற்றிக்கொண்டு பொட்டலத்தை வைத்தேன்.

படம் முழுக்க உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். எல்லாம் உங்கள் தோட்டா உடைந்து கறிக்குள் சிதறிய ஈயம், அப்பா. டெவின் சிரிக்கவில்லை.

உடனே உங்களைக் கூப்பிட்டேன். "இன்னைக்கு ஈயத் தோட்டாவத் தடுக்குற அரசாங்கம் நாளைக்குத் துப்பாக்கியப் புடுங்கும்" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தீர்கள். பிறகு எடுக்கவே இல்லை. அண்ணனோ, "நான் சொன்னா அடிக்க வருவாரு, நீயே எழுது" என்கிறான்.

வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் ஈயத் தோட்டாத் தடையை எதிர்த்துப் பேசுங்கள், அப்பா. கைதட்டல் வாங்குங்கள். சட்டமே வேண்டாம். ஃப்ரீசரில் இருக்கும் கறியை மட்டும் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். எனக்கும் இனிக் கறி வேண்டாம். அம்மா கடைசியாகச் செய்துவைத்துவிட்டுப் போன பீச் ஜாம் ஒரு பாட்டில் போதும். மூடியில் அவள் கையெழுத்து இருக்கட்டும்.

தபால்காரர் வந்துவிட்டார். அண்ணிக்கு இது ஏழாம் மாதம். பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமென்று நீங்களே தினமும் அவள் தட்டில் அந்தக் கறியை வைக்கிறீர்களாம். உங்கள் காலில் விழுகிறேன், இதைப் படித்த பிறகு இன்று வைக்காதீர்கள்.

உங்கள் மகள்,
ஜெனீல்