சுவருக்குப் பின்னால் இருந்தது

அட்டுவம்பட்டி,
20.3.2006

என்மேல் கோபமாயிருக்கும் மேனகாவுக்கு,

நான் அழகாக்கிய வீட்டைக் குறை சொல்லிவிட்டு நீ திண்டுக்கல்லுக்குப் போனதையும், அழைத்துப்போக வந்த உன் அண்ணன் சிரித்ததையும் இந்த இரண்டு வருடத்தில் நான் மறக்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு, படுக்கையறைச் சுவரில் நான் பதித்த மரப்பலகை உப்பியிருந்ததால் கொத்தனார் அழகர் அதைக் கழற்றினார். பின்னால் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை.

"கல்லுச் செவுத்துல சிமெண்டப் பூசி, பலகையும் வச்சு மூடுனா ஈரம் எங்கிட்டு சார் போகும்? இதுக்குள்ளயா மேனகாம்மா படுத்துக் கெடந்தாங்க?" என்றார்.

இருமி இருமி நீ சொன்னதும் இதைத்தான். ஆரோக்கியமான வீட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிற இன்டீரியர் டிசைனர் நான், அதைப் பிடிவாதம் என்றேன்.

சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசியிருக்கிறோம். மூன்று வாரமாக அங்கேதான் படுக்கிறேன். மலைக் குளிரால் வந்தது என்று நான் சாதித்த என் இருமலும் நின்றுவிட்டது.

அன்று போனதால்தான் நீ தப்பித்தாய். போனதற்கு உனக்கு நன்றி. அழைத்துப்போன உன் அண்ணனுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு, நன்றி.

உன் கட்டிலை இன்னும் போடவில்லை. ஒரு பகல் வந்து அந்த அறையில் மூச்சுவிட்டுப் பார். நீ சொன்ன பிறகு போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத கணவன்