வடக்கு வடிகாலைத் திருத்தியவர்

கோவில்பத்து, காரைக்கால்
18 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணன் புகழேந்திக்கு,

அறிவுமதி எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. பாரிசில் குளிர் தொடங்கியிருக்கும். அண்ணியும் நிலாவும் நலம்தானே? போனில் பேசினால் நீங்கள் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள், நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் இந்த மின்னஞ்சல். தனியாக இருக்கும்போது வாசியுங்கள்.

ஆறு வருடமாக நம் ஊர் குரும்பகரத்தைப் பற்றி வலைப்பூ எழுதினேன். எழுதுவது நான் ஒருத்திதான். பிடிக்காதவர்கள் கீழே பின்னூட்டத்தில் திட்டுவார்கள், ஆனால் என் வரியைத் தொட முடியாது. போன வருடம் நீங்கள்தான், "நீ மட்டும் எழுதினா அது உன் கருத்து, ஊரே எழுதினாத்தான் தகவல்" என்று சொல்லி ஊருக்கென்று ஒரு விக்கி தளம் அமைத்துக் கொடுத்தீர்கள். ஒரே பக்கத்தில் யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்றதும் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் நான் தப்பாக எழுதிவைத்திருந்த இரண்டு வாய்க்கால் பெயர்களை முத்தையன் மாமா மகள் தமிழ்மொழி முதல் வாரத்திலேயே திருத்தினாள். என் பயம் போய்விட்டது.

இந்த மழையில் வடக்கு வயல்களிலிருந்து தண்ணீர் வடியவே இல்லை. முத்தையன் மாமா நட்ட சம்பா எட்டு நாளாக மூழ்கிக் கிடக்கிறது. அடைபட்ட வடிகாலைத் திறக்கச் சொல்லி மனு கொடுப்பது என்றும், விக்கியில் உள்ள வடக்கு வடிகால் பக்கத்தை அச்செடுத்து இணைப்பது என்றும் தெருவில் முடிவு செய்தார்கள். பக்கத்தைத் திறந்தேன். "பன்னிரண்டடி அகலம், கோயிலுக்குப் பின்புறமாகப் போய் ஆற்றில் கலக்கிறது" என்ற வரியைக் காணோம். அந்த இடத்தில், "அப்பகுதியில் சிறு பள்ளம் ஒன்று இருந்ததாகச் சொல்வர்" என்று இருந்தது.

எனக்கு முதலில் முத்தையன் மாமா மேல்தான் சந்தேகம். அவர் வரப்பு வடிகாலை ஒட்டியது. கொஞ்சம் வடிகாலுக்குள் தள்ளிப் போட்டுவிட்டு, அதை மறைக்க வரியை மாற்றியிருப்பாரோ என்று நினைத்து, வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன். "எனக்குப் போன்ல பேத்தி படம் பாக்கத்தான் தெரியும் ஆயி. பயிரு அழுகிக் கிடக்கு, நான் வாய்க்கால மறைச்சு என்ன பண்ணப் போறேன்?" என்றார். அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

திருத்தத் தெரிந்தவள் தமிழ்மொழிதானே என்று அவளையும் ஒரு மாதிரி பார்த்தேன். புரிந்துகொண்டாள். போனை எடுத்து விக்கியின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தாள். "அக்கா, உங்க வலைப்பூவுல நீங்க ஒரு வரிய அழிச்சா யாருக்கும் தெரியாது. இதுல யாரு, எந்தத் தேதியில, எதை மாத்தினாங்கன்னு எல்லாம் நிக்கும். நீங்களே பாருங்க" என்றாள்.

செப்டம்பர் 4, செப்டம்பர் 11. இரண்டு திருத்தங்கள். காரணம் எழுத வேண்டிய இடம் காலி. பெயர் புகழேந்தி.

வேறு யாரோ உங்கள் பெயரில் நுழைந்திருப்பார்கள் என்றேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போனேன். வடிகால் இருந்த இடத்தில் மண் அடித்துச் செங்கல் இறக்கியிருக்கிறது. கொத்தனாரிடம் யாருடைய மனை என்று கேட்டேன். "பாரீஸ் சாருதுங்க. அவரு மச்சான் அஷ்வின் சார்தான் வந்து பாத்துக்கிறாரு" என்றார். அண்ணா, மனை வாங்கியதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

அஷ்வினிடம் உங்கள் கடவுச்சொல் இருக்கிறதா? இருக்கிறது என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் நம்பிவிடுவேன், நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் கல்யாணப் பத்திரிகையையே பிழையோடு அச்சடித்த பிள்ளை அஷ்வின். "இருந்ததாகச் சொல்வர்" என்று அவனுக்கு எழுத வருமா? பள்ளிக்கூட நாளிலிருந்து உங்கள் எழுத்தை வாசிக்கிறவள் நான்.

வெள்ளிக்கிழமை மனு கொடுக்கிறார்கள். பக்கத்தில் ஒன்றும் மனுவில் ஒன்றும் இருந்தால் கேள்வி வரும், வரலாற்றையும் சேர்த்து அச்செடுக்க வேண்டும் என்கிறாள் தமிழ்மொழி. அது நியாயம். பழைய வரியை ஒரே அழுத்தில் என்னால் மீட்டுவிட முடியும். இரண்டு முறை விரலைக் கொண்டுபோய் எடுத்துவிட்டேன். நான் மீட்டால், அண்ணன் அழித்ததைத் தங்கை திருத்தினாள் என்று அங்கே நிற்கும். ஊர் முழுக்க அதை வாசிக்கும்.

வியாழக்கிழமைக்குள் நீங்களே திருத்துங்கள் அண்ணா. காரணத்தையும் எழுதுங்கள். தவறு செய்தவர் பெயருக்குக் கீழேயே திருத்தியவர் பெயராகவும் உங்கள் பெயர் இருக்கட்டும். வீட்டை வேறு இடத்தில் கட்டலாம், நானும் கூட வந்து மனை பார்க்கிறேன்.

நீங்களும் அண்ணியும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைச் சொல்ல வைத்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள் தங்கை,
அறிவுமதி