சபை இன்றும் ஒத்திவைக்கப்பட்டது

கார்த்திக் மாதம் 24, காத்மாண்டு

மதியம் சபை கூடியது. உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் எழுந்து நின்றுவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல, ஆளும் கட்சியின் அதிருப்தி அணி. சொந்தப் பிரதமரையே ராஜினாமா செய்யச் சொல்லிக் கோஷம். சபாநாயகர் காகிதத்தைப் பார்த்து என்னவோ படித்தார், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. ஒத்திவைப்பு. குடியுரிமைத் திருத்த மசோதா இன்றைக்கு வரும் என்று பேப்பரில் போட்டிருந்தான். வந்த லட்சணம் இதுதான்.

எங்கள் மருந்துக்கடை பானேஸ்வரில், பாராளுமன்றத்துக்கு எதிர்ச் சந்தில். சபை கூடினால் தெருவை அடைத்துவிடுவார்கள், வியாபாரம் படுத்துவிடும். முதலாளி துலாதர் கல்லாவில் உட்கார்ந்து டிவியைத் திட்டிக்கொண்டே இருப்பார்.

"கத்திக் கத்தித் தொண்டை கட்டி இங்கதான் மாத்திரை வாங்க ஆள் அனுப்புறானுங்க. காலாவதியானதா ஒரு அட்டை எடுத்துக் கொடுடா அம்ரேஷ்."

"அண்ணே, நீங்க உள்ள போயிடுவீங்க" என்றேன்.

"உள்ள போனாலாவது நிம்மதியா இருக்கும்."

சாயங்காலம் எங்கள் ஊர், எல்லையோர வீர்கஞ்சிலிருந்து பாபுஜியின் போன். தினமும் கேட்பது ஒன்றுதான். "பாஸாச்சா?" இல்லை என்றேன். "சாப்பிட்டியா?" என்றார். ம் என்றேன். வைத்துவிட்டார்.

நான் பேசும் இந்த போனின் சிம் துலாதர் பெயரில் இருக்கிறது. எனக்குப் பாங்குக் கணக்கு கிடையாது. பி.ஃபார்ம் பட்டம் பெட்டிக்குள் கிடக்கிறது. உரிமத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் குடியுரிமை கேட்கிறான். பாபுஜிக்குக் குடியுரிமை உண்டு, இந்த மண்ணில் பிறந்தவர் என்று கொடுத்தது. அப்படி வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று சொல்ல ஒரு சட்டம் வர வேண்டுமாம். நானும் வீர்கஞ்சில்தான் பிறந்தேன். இருபத்தெட்டு வயதாகிறது. நான் எந்த நாட்டுக்காரன்?

மங்சிர் 6

சூரியனைக் கும்பிடும் சட் பூஜைக்கு ஊருக்குப் போகவில்லை. குளத்தங்கரையில் ஊரே கூடி நிற்கும், அத்தனை பேரும் "காகிதம் கிடைச்சுதா?" என்று கேட்பார்கள். அம்மா இருந்தவரை அவள் விரதம் இருப்பாள், நான் கூடை சுமப்பேன். இப்போது ஜூஹி இருக்கிறாள் விரதம். தங்கச்சிக்கு இருபது வயது. அவளுக்கும் காகிதம் இல்லை, நர்சிங்கில் சேர முடியாமல் வீட்டில் இருக்கிறாள்.

பஸ்ஸில் பூஜைப் பலகாரம் டேகுவா அனுப்பியிருந்தாள். வழியில் நொறுங்கிவிட்டது. தூளை ஸ்பூனால் அள்ளித் தின்றேன். பக்கத்து அறைக்காரனுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம் என்று கதவைத் தட்டினேன். ஆள் இல்லை.

மங்சிர் 19

ஒத்திவைப்பு.

பூஸ் 8

சபையைக் கலைத்தே விட்டார்கள். கட்சி இரண்டாக உடைந்துவிட்டது. இரண்டு பேரும் நாங்கள்தான் அசல் கட்சி என்கிறார்கள். ஒரே கொடி, ஒரே சின்னம், ஒரே திருட்டு முழி.

மசோதா என்ன ஆகும் என்று துலாதரிடம் கேட்டேன். "வீடு இடிஞ்சா அதுக்குள்ள இருக்கிற பானை மட்டும் முழுசா இருக்குமா?" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர், டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். முதலாளி எனக்கு டீ வாங்கப் போவது இதுதான் முதல் தடவை.

பாபுஜி இன்று "பாஸாச்சா?" என்று கேட்கவில்லை. "பனி அதிகமா?" என்றார்.

பூஸ் 21

தெருவெல்லாம் டயர் எரிகிறது. கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த காய்கறிக்கார அம்மாள் விரலை நீட்டி, "ஓட்டுப் போட்ட இந்த விரலை வெட்டிப் போடணும்யா" என்றாள். கடையில் நின்ற எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் சொன்னேன். பிறகுதான் உறைத்தது, எனக்கு வெட்டிக்கொள்ள அப்படி ஒரு விரலே இல்லை.

மதியம் ஊர்வலத்தோடு கொஞ்ச தூரம் நடந்தேன். சும்மாதான். நாலு பேரோடு சேர்ந்து கத்தினால் நெஞ்சுக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. "எங்கள் பாராளுமன்றம்! எங்கள் பாராளுமன்றம்!" தொண்டை கிழியக் கத்தினேன். போலீஸ்காரன் கூட்டத்தில் இருந்து என்னை மட்டும் பிடித்து இழுத்தான். முகத்தின் கறுப்பைப் பார்த்தாலே எல்லையோரத்து ஆள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

"குடியுரிமை அட்டையைக் காட்டு."

"இல்ல சார்."

"இந்தியாக்காரனா? இங்க உனக்கு என்ன வேலை? பிழைக்க வந்தமா போனமான்னு இருக்க மாட்டியா?"

துலாதர் ஓடி வந்து, என் கடைப் பையன்தான் என்று சொல்லி மீட்டார். அவனவன் கையிலே கல்லு வச்சிருந்தான், அவனை விட்டுட்டு என்னைப் பிடிக்கிறான்! கத்துறதுக்குக்கூட எனக்குச் சீட்டு வேணுமா?

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பாபுஜியிடம் சொல்ல முடியாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

மாக் 11

பாபுஜி மத்தியானத்தில் போன் செய்தார். மத்தியானத்தில் செய்கிறவர் அல்ல.

வீர்கஞ்சில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர் வேலை காலியாகிறதாம். உரிமம் இருந்தால் எடுத்துக்கொள்வார்களாம். இன்னும் ஐந்து மாதம், அசார் வரை பார்ப்பார்களாம்.

"உரிமத்துக்கு எங்க போறது பாபுஜி?"

"ராம்சாகர் ஒத்துக்கிட்டான்."

எனக்குப் புரியவில்லை. ராம்சாகர் சித்தப்பா பக்கத்து வீட்டுக்காரர், நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் முகம். குடும்பப் பெயர் அவருக்கும் சாஹ், எங்களுக்கும் சாஹ். அவர் குடும்பத்துக்குத் தாத்தா காலத்திலிருந்தே வம்சாவளிக் குடியுரிமை.

"அவன் வந்து, நீ என் மகன்னு கையெழுத்துப் போடுவான். ஊர்ல எத்தனை பேர் இப்படிப் பண்ணியிருக்காங்க. வார்டு ஆபீஸ்லயும் பேசிட்டேன்."

"உசுரோட நீங்க இருக்கும்போது இன்னொருத்தரை அப்பான்னு சொல்லணுமா?"

"காகிதத்துலதானடா."

"முடியாது."

"என் பேரை வச்சுக்கிட்டு நீ என்ன கண்ட? நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்கப் போறது நீதான். அதுக்கு எவனும் குடியுரிமை கேக்க மாட்டான்."

நான் கத்திவிட்டேன். என்னென்னவோ சொன்னேன். உங்களுக்கு வெட்கமா இல்லையா என்றுகூடக் கேட்டேன். அவர் வைத்துவிட்டார்.

மாக் 12

போன் வரவில்லை.

மாக் 13

வரவில்லை.

மாக் 17

நானே செய்திருக்கலாம். நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். என்ன சொல்வது? கடையைச் சாத்தியதும் அறை, அறையைத் திறந்தால் மறுபடி கடை. இந்த ஊரில் இத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது துலாதர் ஒருவர்தான். அவரும் மருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

பாகுன் 12

கலைத்தது செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது! சபை மறுபடி கூடும். தெருவில் குங்குமத்தை அள்ளி வீசுகிறார்கள். துலாதர் ஜிலேபி வாங்கிக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். "இனிமேலாவது புத்தி வரும் பாரு" என்றார்.

சாயங்காலம் போன் அடித்தது. எடுத்ததும், "பாஸாச்சா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இப்பதான உசுரு வந்திருக்கு பாபுஜி. பொறுங்க. பாஸாயிடும்."

"அப்ப ராம்சாகர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடவா?"

"சொல்லிடுங்க."

"சரி" என்றார். எவ்வளவு சந்தோஷமாக ஒரு 'சரி'! ஏதோ பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி.

பாகுன் 24

சபை கூடியது. கலைத்தவரும் கவிழ்க்கப் பார்த்தவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்காலி பறந்தது. மைக்கைப் பிடுங்கினார்கள். காவலர்கள் சபாநாயகரைச் சுற்றி வளையம் போட்டு நின்றார்கள். ஒத்திவைப்பு.

கடையில் ஒருத்தர்கூட டிவியைத் திட்டவில்லை. துலாதர் அணைத்துவிட்டு மருந்துப் பெட்டிகளைத் துடைக்க ஆரம்பித்தார். திட்டுவதற்குக்கூட அலுத்துப்போனால் மனிதர்கள் இப்படித்தான் ஆவார்கள் போலிருக்கிறது.

சைத் 9

ஒத்திவைப்பு. மசோதாவை மறுபடி குழுவுக்கு அனுப்பிவிட்டார்களாம். குழுவில் எந்த அணிக்கு எத்தனை இடம் என்று சண்டையாம்.

பாபுஜி, "சரிப்பா. நான் ராம்சாகர்கிட்ட இன்னும் வேண்டாம்னு சொல்லல" என்றார்.

சொல்லவில்லையா! அன்றைக்கு அந்தச் சந்தோஷமெல்லாம்? கேட்கவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சைத் 16, வீர்கஞ்ச்

நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் ராம்சாகர் சித்தப்பா புதுக் குர்தா போட்டு வந்து நின்றார். "வாடா மூணாவது பையா!" என்று முதுகில் ஓங்கித் தட்டினார். நல்ல மனிதர், எல்லாவற்றையும் சிரித்தே கடந்துவிடலாம் என்று நினைக்கிறவர். அவருடைய பெரிய மகன் சிரிக்கவில்லை. வாசலில் வழிமறித்து, "நாளைக்கு நிலத்துல பங்குன்னு வந்து நிக்க மாட்டியே?" என்றான். சின்ன வயதில் இவனும் நானும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். மாட்டேன் என்றேன். அம்மா மேல் சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ணினேன்.

மாவட்ட நிர்வாக அலுவலகத்துக்குப் பாபுஜியும் வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் சமோசாக் கடையில் உட்கார்ந்துகொண்டார். "நான் பார்த்துட்டு இருப்பேன், போ."

அதிகாரி கண்ணாடியை இறக்கி என்னையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க மகனா?"

"ஆமா சார். மூணாவது."

"ஜாடையே இல்லையே."

"அம்மா ஜாடை சார்."

அதிகாரி சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். எனக்கு நிஜமாகவே அம்மா ஜாடைதான்.

பெருவிரலில் மை தடவி அழுத்தினார்கள். தந்தை பெயர் ராம்சாகர் சாஹ். முடிந்துவிட்டது. இவ்வளவுதானா?

வெளியே வந்து பாபுஜியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் படிக்க நேரம் ஆகும். அந்த ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு வாங்கி வைத்திருந்த சமோசா ஆறிப் போயிருந்தது. தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

பைசாக் 4

காத்மாண்டு. என் பெயரில் சிம் வாங்கினேன். முதல் போன் பாபுஜிக்கு.

"யாரு?" என்றார்.

புது நம்பர், பாவம் அவருக்கு எப்படித் தெரியும். "யாருப்பா அது? யார் வேணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜேட் 27

உரிமத் தேர்வு எழுதினேன். பாஸாகிவிடுவேன். துலாதர் என் இடத்துக்கு ஆள் தேடுகிறார். "நீ போயிட்டா நான் யாரோட டிவி பார்க்கிறது?" என்றார்.

அசார் 8

பாஸாகிவிட்டது.

என் தேர்வு அல்ல. மசோதா.

நேற்று ஆட்சி மாறியது. இரண்டு அணியும் ஏதோ பேரம் பேசிக்கொண்டார்கள். இன்று சபை கூடியது, யாரும் எழுந்து நிற்கவில்லை. சபாநாயகர் படித்தார். 'ஆம்' என்றார்கள். மேஜையைத் தட்டினார்கள். அவ்வளவுதான். துலாதர் டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அட பாவிகளா, இதைத்தானே கேட்டோம்! இந்த ஒரு வார்த்தையைச் சொல்லவா இத்தனை நாள் கட்டிப் புரண்டீர்கள்?

துலாதர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் காகிதத்தின் கதை அவருக்குத் தெரியும். ஒரு பெண் வந்து காய்ச்சல் மாத்திரை கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

பாபுஜி போன். "ஜூஹிக்கு ஆயிடும்ல?"

"ஆயிடும் பாபுஜி. உங்க பேர்லயே."

"உன்னோடதை மாத்த முடியாதா? போய்ச் சொன்னா?"

"பொய் சொல்லி வாங்கினோம்னு சொல்லணும். என்னையும் சித்தப்பாவையும் சேர்த்து உள்ள வச்சுடுவாங்க."

"நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். இல்லை பாபுஜி, நீங்க இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வைத்துவிட்டார்.

பாதோ 3, வீர்கஞ்ச்

ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று ஜூஹியை மாவட்ட அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். வரிசை தெருமுனை வரை நின்றது, பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். அப்பாக்கள் வேட்டி துவைத்துக் கட்டி வந்திருந்தார்கள். நான் வெளியே நிற்கிறேன் என்றேன். ஜூஹி விடவில்லை. "அண்ணா, நீ இல்லாம நான் உள்ள போக மாட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதே அதிகாரி. பாபுஜியின் காகிதத்தைப் பார்த்தார், ஜூஹியைப் பார்த்தார், தலையாட்டினார். பெருவிரல் மை. தந்தை பெயர் பிந்தேஸ்வர் சாஹ் என்று உரக்கப் படித்தார். பாபுஜியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அதிகாரி மையை மூடிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"உன்னை எங்கயோ பார்த்திருக்கேனே?"

ஜூஹி வாயைத் திறந்தாள். அதற்குள் பாபுஜி முன்னால் வந்துவிட்டார்.

"பக்கத்து வீட்டுப் பையன் சார். ராம்சாகர் சாஹோட மூணாவது மகன். துணைக்கு வந்தான்."

"ஓ. உங்களுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லையா?"

"இல்ல சார். இவ ஒருத்திதான்."

கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னார். அதிகாரி என் பக்கம் திரும்பி, அப்படியா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

நான், "ஆமா சார்" என்றேன்.